சுருங்கிப்போன காலுறைகள்



நீலகிரி மலையில் நான் பங்குப் பணியாற்றிய நாட்களில், ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவன்று முதிய தாய் ஒருவர் எனக்கு ஒரு சோடிக் கம்பளிக் காலுறைகளை அன்பளிப்பாகத் தந்தார். கண்புரை மறைத்த கண்களோடு, அந்தி வெளிச்சம் மங்கும்வரை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, இரண்டு மாதங்களாக அவர் தம் கையாலேயே பின்னியவை அவை. புல்வெளியெங்கும் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்கும் விடியற்காலையில், கல்தளத்தில் நின்று திருப்பலி நிறைவேற்றியபோது அவற்றின் அருமையை என் பாதங்கள் நன்கு அறிந்தன.

ஒரு மாதம் சென்றபின் அவற்றைத் துவைக்க எண்ணினேன். அழுக்கு நீங்க வெந்நீரும் சவர்க்காரமும் தேய்ப்பும் போதும் என்பது என் கணக்கு. எனவே கொதிநீரில் ஊறவைத்து, சலவைக்கட்டி பூசி, கல்லின்மேல் வைத்துத் தூரிகையால் தேய்த்து, பனிபோல் குளிர்ந்த குழாய்நீரில் அலசி, முறுக்கிப் பிழிந்து, அடுப்பருகே உலர்த்தினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், அவை மூன்று வயதுக் குழந்தையின் காலுக்கே அளவாயிருந்தன!

அதன்பின் அதைவிடப் பெரிய தவறொன்றைச் செய்தேன். அவற்றை மேசை இழுப்பறையில் மறைத்து வைத்தேன். ஞாயிறுதோறும் அந்தத் தாய், “சாமி, காலுறை கதகதப்பா இருக்குதுங்களா?” என்று ஆவலோடு கேட்பார். “நன்றாயிருக்கிறது அம்மா” என்று சொல்லி நழுவிவிடுவேன். பிறருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க அமர்பவனுக்குத் தன் குற்றத்தை ஒரு மூதாட்டியிடம் சொல்ல நா எழவில்லை.

தவக்காலம் தொடங்கியது. பீடத்தில் நின்று மனமாற்றத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்த அன்று மாலையே, அந்தக் காலுறைகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்றேன். அவர் அவற்றை விரல்களால் தடவிப் பார்த்தார். ஒரு கணம் முகம் வாடியது. பிறகு சிரித்துவிட்டார். “தலைமுடியைக் கல்லுல வெச்சுத் தேய்ப்பீங்களா சாமி? இதுவும் ஆட்டோட முடிதானே! இன்னொரு சோடி பின்ன இந்தக் கண்ணு இனி இடங்கொடுக்காது. துவைக்கிற முறையையாவது கத்துக்குங்க” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பருத்தி செடியிலிருந்து வருவது. கம்பளியோ நம் தலைமுடியைப் போன்ற புரதப்பொருள். நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வோர் இழையின்மீதும் கூரை ஓடுகளைப் போல நுண்ணிய செதில்கள் அடுக்கியிருப்பதைக் காணலாம். சூடும் ஈரமும் பட்டு அவை விரிந்திருக்கும் வேளையில் தேய்த்தால், இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மாட்டிக்கொள்கின்றன. புகுந்தவை திரும்பி வருவதில்லை. துணி தடித்து இறுகுகிறது. பண்டைக் காலத்தில் கம்பளித் துணியை வேண்டுமென்றே மிதித்தும் தடியால் அடித்தும் இவ்வாறு இறுகச் செய்வது தனித் தொழிலாகவே இருந்தது. மே 3ஆம் நாள் நாம் விழாக் கொண்டாடும் திருத்தூதர் யாகப்பர் அத்தொழிலாளரின் தடியாலேயே கொல்லப்பட்டார் என்பது மரபு. அவர்கள் பிழைப்புக்காகச் செய்ததை நான் அறியாமையால் செய்திருந்தேன்.

இனி, அந்தத் தாய் கற்பித்த முறையைக் கூறுகிறேன்.

காலுறையை ஒவ்வொரு முறை அணிந்த பின்னும் துவைக்க வேண்டியதில்லை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்றாலும் நனைந்ததாகத் தோன்றாது. ஆகவே இரவு முழுவதும் காற்றாட விரித்து வைத்தாலே பல நாள் போதும்.

துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்புங்கள். நீர் 30 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. சமவெளியில் குழாய்நீரே போதுமானது. பூந்திக்கொட்டையை ஊறவைத்து வடித்த நுரைநீர் மிகவும் ஏற்றது. அல்லது கம்பளிக்கென விற்கும் மென்மையான திரவச் சோப்பைப் பயன்படுத்தலாம். சலவைச் சோடாவும் வெளுப்புத் தூளும் கம்பளியை அரித்துவிடும். பத்து நிமிடம் ஊறியபின், தேய்க்காமல் உள்ளங்கையால் மெல்ல அமுக்கி அமுக்கி விடுங்கள். அதே சூடுள்ள நீரில் அலசுங்கள். பின்பு முறுக்காமல், உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் நீர் வடிந்துவிடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தால் நீண்டுவிடும். ஆதலால் நிழலில், காற்றோட்டமான இடத்தில் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். அடுப்பருகு வேண்டவே வேண்டாம்.

பனிக்காலம் முடிந்ததும் துவைத்து, நன்றாக உலர்த்திய பின்பே பெட்டியில் வையுங்கள். வியர்வைக் கறை படிந்த கம்பளியையே அந்துப்பூச்சியின் புழுக்கள் விரும்பித் தின்னும்.

இன்னொரு செய்தி. கடைகளில் ‘உல்லன்’ என்று விற்கப்படுபவை எல்லாம் கம்பளியல்ல. பல செயற்கை இழையால் ஆனவை. ஐயமிருந்தால் ஓர் இழையை மட்டும் பிரித்தெடுத்து, எச்சரிக்கையுடன் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, எஞ்சியது விரலில் பொடியானால் அது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகிவிட்டால் செயற்கை இழை.

சற்றே சுருங்கிய காலுறையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மெல்ல இழுத்து ஓரளவு மீட்கலாம். என்னுடையவை அந்த எல்லையைக் கடந்துவிட்டன. ஆயினும் அந்தத் தாய் அவற்றை எறியவில்லை. அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவில், அவருடைய மூன்று வயதுக் கொள்ளுப்பேரன் அவற்றை அணிந்துகொண்டு குடிலின் முன் நின்றான். இறுகிய கம்பளி முன்னிலும் கதகதப்பானது அல்லவா?

அந்தத் தாய் இன்று இறைவனடியில் இளைப்பாறுகிறார். நம் இல்லங்களிலும் சூடான சொல்லாலும் ஓயாத உரசலாலும் சுருங்கிப்போன மனங்கள் உண்டு. அவற்றை மறைத்து வைக்கும் இழுப்பறைகளும் உண்டு. இழுப்பறையைத் திறந்து, “தவறு என்னுடையது” என்று சொல்ல ஒரு மாலைப்பொழுது போதும். நான் இரண்டு மாதம் காலந்தாழ்த்தினேன்; நீங்கள் தாழ்த்தாதீர்கள்.

இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.