பொட்டல் என்று சொன்னது யார்?

புதுச்சேரிக்கு வருகிறவர்களிடம் ஆரோவில்லைப் பற்றி வேன் ஓட்டுநர் முதல் வழிகாட்டி வரை ஒப்பிக்கும் கதை ஒன்றுதான்: "அங்கே ஒண்ணுமே இல்ல சார், வெறும் செம்மண் பொட்டல். 1968-ல வெளிநாட்டுக்காரங்க வந்து காடாக்கினாங்க." புதுச்சேரியின் மூலக்குளத்தில் இருக்கும் நாமும் வெளியூர் உறவினர்களை அழைத்துப் போகும்போது இதையேதான் சொல்கிறோம். காடு வளர்த்தது உண்மை. ஒன்றுமே இல்லை என்பது பொய்.

ஆளில்லாத நிலத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தது யார்? ஆரோவில் நிலம் குயிலாப்பாளையம், எடையன்சாவடி, கோட்டக்கரை, இரும்பை என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்களிடம் துண்டு துண்டாக விலைக்கு வாங்கப்பட்டது. நகர வரைபடத்துக்கு உள்ளேயே விற்காதவர்களின் கொல்லைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே மல்லாட்டை (நிலக்கடலை), கம்பு, முந்திரி விளைந்தன. இரும்பை மாகாளம் சிவன் கோயிலை ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பாடிவிட்டார். அதற்கும் பல நூற்றாண்டு முந்திய புதைகுழிகளை, நமக்கு அருகிலுள்ள முத்திரையர்பாளையத்திலும் ஆரோவில்லுக்கு மேற்கே சுத்துக்கேணியிலும் அகழ்ந்து, தொல்லியலாளர் ழான்-மரி கசால் தம்பதி 1956-இல் பிரெஞ்சில் நூலே வெளியிட்டார்கள். அந்த நூல் வந்து பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் ஆரோவில்லின் கால்கோள்.

மண் அரித்துக் கிடந்ததே என்பார்கள். கிடந்தது. மேல்மண் மழையோடு ஓடி, செம்மண் ஓடைகளாகப் பிளந்திருந்தது. ஆனால் அது தானாக நேர்ந்ததில்லை. மரத்துக்காகக் காடு வெட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறை வழியாக மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. புதர்க்காடு கொல்லையானதில் அந்தச் சந்தைக்கும் பங்குண்டு. இதைப் பேசாமல் கடுவெளிச் சித்தர் சாபத்தால் நிலம் பாழானது, தூரதேசத்தார் வந்துதான் பச்சையாகும் என்ற இரும்பைக் கதையைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். பழியைச் சாபத்தின் தலையில் போட்டுவிட்டால் வியாபாரியைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா?

பாலையைப் பூக்கவைத்த யூத முன்னோடிகள் என்று இஸ்ரேலின் நெகேவ் பற்றிச் சொல்வதும் இதே அச்சில் வார்த்ததுதான். 1950-களில் கொச்சியிலிருந்து போன யூதர்களில் ஒரு பகுதியினர் பீர்ஷெபா அருகே நெவாதிமில் குடியமர்த்தப்பட்டார்கள். மிளகும் தென்னையும் கண்டு வளர்ந்தவர்கள் அந்த வறண்ட மண்ணில் பட்ட பாடு மெய். அதே நெகேவில் பெதூயின்கள் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்ததும் விதைத்ததும் மெய். ஒருவர் வியர்வையைப் போற்ற இன்னொருவர் இருப்பை அழிக்கத் தேவையில்லை.

ஆரோவில் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீரைத் தடுத்துக் கரை போடும் யோசனையும் பிடிவாதமும் வந்தவர்களுடையவை, மறுப்பதற்கில்லை. கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்த கைகளில் பெரும்பகுதி பக்கத்து ஊர்க் கூலியாட்களுடையவை. முதலில் விரைவாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டார்கள். பிறகு மண்ணின் மரங்களைத் தேடியபோது விதை கிடைத்தது எங்கே? கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற இடங்களில். சாமி குற்றமாகும் என்று தழைகூட ஒடிக்காமல் அதைக் காத்தவர்கள் அந்த ஊர் மக்கள். கன்று பிழைக்க வேலி போட்டபோது மேய்ச்சலை இழந்தவர்களும் இந்தப் பக்கத்து ஊர்களில் ஆடுமாடு வைத்திருந்தவர்கள்தான்.

பழங்கதையை எதற்குக் கிளற வேண்டும் என்றால், "ஒன்றுமில்லாத இடம்" என்று ஒப்புக்கொண்ட மறுகணமே உள்ளூர்க்காரர் தம் மண்ணிலேயே வேலைக்கு வந்தவர் ஆகிவிடுகிறார். அந்த நிலத்தைப் பற்றிய பேச்சில் அவருக்கு நாற்காலி இல்லாமல் போகிறது. ஆகவே, அந்தக் காலத்துச் செம்மண் படங்களை எங்கே மாட்டினாலும், அது எந்த ஊர்க் கொல்லை, அங்கே என்ன விளைந்தது, பிறகு யார் குழி வெட்டினார்கள் என்று அடியில் எழுதட்டும். அதனால் அந்தக் காட்டில் ஒரு மரமும் குறைந்துவிடாது.