பிரபு பட்டத்துக்குக் குறுக்கே நின்ற கல்யாணம்

பிரிட்டனில் பரம்பரைப் பிரபு பட்டம் பெற்ற முதல் இந்தியர் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. ஊர் ராய்ப்பூர். சத்தீஸ்கரில் இருப்பது இல்லை, வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்து ராய்ப்பூர். பாரிஸ்டர், 1915-ல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டின் தலைவர். 1919-ல் லண்டனில் இந்தியாவுக்கான துணை அமைச்சர் பதவி கொடுத்தார்கள். அமைச்சர் என்றால் நாடாளுமன்றத்தில் இடம் வேண்டுமே? ‘ராய்ப்பூரின் பாரன் சின்ஹா’ ஆக்கி, பிரபுக்கள் சபையில் உட்கார வைத்தார்கள். அந்த ஆண்டின் இந்திய அரசுச் சட்ட மசோதாவை அந்தச் சபையில் நிறைவேற்றித் தந்ததும் அவர்தான்.

1928-ல் சின்ஹா இறந்தார். மூத்த மகன் அருண் குமார் அடுத்த பாரன். அவ்வளவுதானே என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல்.

இந்தப் பட்டம் உயில் எழுதிக் கொடுக்கிற சொத்து மாதிரி கிடையாது. யாருக்குப் போகும் என்பதை, பட்டம் தரும்போது மன்னர் வெளியிடும் ஆவணமே சொல்லிவிடும். வழக்கமான வாசகம்: சட்டப்படி பிறந்த ஆண் வாரிசுகள். இதில் ‘சட்டப்படி’ என்ற சொல்தான் மாட்டிக்கொண்டது.

சின்ஹாவின் கல்யாணம் 1880-ல் இந்து முறைப்படி நடந்தது. அன்றைய இந்துச் சட்டத்தில் ஆண் இன்னொரு பெண்ணையும் கட்டலாம். கட்டினாரா, இல்லையா என்பது விஷயமே இல்லை. கட்ட முடியும் என்பதே இங்கிலாந்துச் சட்டத்துக்கு உறுத்தலாக இருந்தது. அப்படியானால் மகன் சட்டப்படி பிறந்தவரா?

விடை வர 1939 ஆனது. பிரபுக்கள் சபையின் சிறப்புரிமைக் குழு விசாரித்தது. மகனைக் காப்பாற்றியது ஒரு வருட இடைவெளி. 1886-ல் சின்ஹா பிரம்ம சமாஜத்தில் சேர்ந்திருந்தார். அங்கே ஒருவனுக்கு ஒருத்திதான். அருண் குமார் பிறந்தது 1887. அதற்குள் அது ஒருதார மணமாக மாறிவிட்டது என்று குழு ஏற்றுக்கொண்டது.

அப்பாவை அமைச்சராக்கியபோது தடையாகாத கல்யாணம், மகன் வந்து நின்றபோது மட்டும் தடையானது. இதை வெறும் சட்ட நுணுக்கம் என்று விட்டுவிட முடியாது.

ஏனென்றால், வேண்டுமென்றால் வாசகத்தையே மாற்றி எழுதுவார்கள். மவுன்ட்பேட்டனுக்கு மகன் இல்லை, இரண்டு மகள்கள்தான். அதனால் 1947-ல் தந்த ஏர்ல் பட்டம் மகளுக்கும் போகலாம் என்று ஆவணத்திலேயே சேர்த்தார்கள். 1979-ல் அவர் கொல்லப்பட்டதும் மூத்த மகள் பாட்ரிசியா பட்டத்துக்கு வந்தார். சின்ஹாவின் பட்டமோ ஆண் வழியில் மட்டும்தான் போகும்.