அணிலுக்கும் நான்கு படிகள் வேண்டும்



பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிகளில் வந்தது நல்ல காரியம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் ஒரு புத்தகத்தை முழுசாக முடித்துவிடுகிறது. இதே படிகளில் அறிவியல் நூல்களும் தாராளமாக வர வேண்டும்; அந்தந்த ஊர் விஷயங்களோடு.

எங்கள் இராஜபாளையம் அய்யனார் கோவில் பக்கத்து மலைக்காடு, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. சாம்பல் நிற அணிலுக்குப் பேர்போன காடு. ‘நுழை’ நூலுக்கு அணில் படமும் ஒரு வரியும் போதும். மேல்படியில்தான் விஷயமே இருக்கிறது: இந்த அணில் பெரும்பாலும் தரையிறங்காமல் கிளைவிட்டுக் கிளை தாவியே போகும். நடுவில் நாலு மரம் போனால் அதற்குப் பாதையே அறுந்துபோகும். ஏன் என்று நாலாம் வகுப்புப் பிள்ளை யோசிக்கட்டுமே! அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர் ஊர்க் குழாய்க்கு வந்து சேரும் வழியும் இப்படி ஒரு நூலாகலாம்.

எளிமை என்ற பெயரில் அணிலைப் பேசவைத்து நீதி சொல்லவைக்க வேண்டாம். அப்படிப்பட்ட கதைகள் ஏற்கெனவே நிறைய உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழில் எழுதிப் பழகியவர்களையும் உள்ளூர் ஆசிரியர்களையும் சேர்த்து உட்காரவைத்தால், அடுத்த கல்வியாண்டுக்குள் நாலைந்து நூல்களாவது தேறும்.

– ஒரு வாசகர்,
இராஜபாளையம்