மண்வளமும் கைவளமும்

சுரங்க நகரங்களைப் பற்றிப் பேசுவோரிடம் வழக்கமான புலம்பல் ஒன்று உண்டு. “ஈயம் இருந்தது, ஊர் வாழ்ந்தது, ஈயம் தீர்ந்தது, ஊர் வீழ்ந்தது” என்பதே அது. மாணவர் கட்டுரைகளிலும் மேடைச் சொற்பொழிவுகளிலும் இக்கூற்று மறுப்பாரின்றி வலம் வருகின்றது. இதில் ஓசைநயம் உண்டு. உண்மை பாதிதான் உண்டு. மறைந்து கிடக்கும் மறுபாதியே இளந்தலைமுறைக்கு வேண்டிய பாடமாதலின், இப்புலம்பலை மறுத்துரைப்பது ஆசிரியரின் கடமையாகின்றது.

ஊரை உண்டாக்குவது நிலத்தடி உலோகமே எனின், ஈயம் கிடைத்த இடமெல்லாம் நகரமாகியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மலேசியத் தலைநகரின் பிறப்பே இதற்குச் சான்று. 1857ஆம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் வந்து, கோம்பாக் ஆறு அதனோடு கூடும் சேற்றுத்துறையில் இறங்கி, காடு கடந்து அம்பாங் சென்றனர். ஒரு திங்களுக்குள் அவர்களுள் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையாயினர். எனினும் முயற்சி கைவிடப்படவில்லை. 1859இல் அம்பாங் ஈயம் ஏற்றுமதியாயிற்று. ஈயம் கிடைத்தது அம்பாங்கில். நகர் எழுந்ததோ படகுகள் சரக்கிறக்கிய அந்தச் சேற்றுத்துறையில். சுரங்கத்தார்க்கு வேண்டிய உணவுப் பண்டங்களையும் கருவிகளையும் விற்ற கடைகள் அங்கேதான் தோன்றின. கோலாலம்பூர் சுரங்கமாகப் பிறக்கவில்லை; கடைத்தெருவாகப் பிறந்தது.

அக்கடைத்தெரு அழியவும் வாய்ப்பிருந்தது. 1867 முதல் 1873 வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போர் அதனைப் பாழ்படுத்திற்று. போருக்குப் பின்னர் ஈயவிலை சரிந்து கிடந்த ஆண்டுகள் கப்பித்தான் யாப் ஆ லோயையே கடனாளியாக்கின. 1881 ஜனவரியில் நெருப்பும், அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளமும் ஊரைச் சிதைத்தன. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆகிய அப்பாளையத்தை நகரமாக்கியது எது? செங்கல்! பிராங்க் சுவெட்டன்ஹாமின் ஆட்சிக்காலத்தில் வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென்ற விதி பிறந்தது. விதி பிறந்தால் மட்டும் சுவர் எழுந்துவிடுமா? மண் பிசையவும் சூளை அடுக்கவும் அறிந்த கைகள் வேண்டும். இன்று தமிழர் நாள்தோறும் நடமாடும் பிரிக்பீல்ட்ஸ், அச்செங்கற்சூளைகளின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1886இல் கிள்ளான் நோக்கி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் செந்தூலில் எழுந்த இரயில் பட்டறையில் தமிழர் பலர் இரும்போடு உறவாடினர். வரலாற்றுப் பாடம் கப்பித்தானையும் ரெசிடெண்டையும் பெயர் சொல்லிப் போற்றுகின்றது. சூளை அடுக்கியவனுக்கும் இருப்புப்பாதை பதித்தவனுக்கும் அங்கே ஒரு வரிகூட இல்லை. நகரத்தின் மறுபிறவிக்குக் காரணமாயினோர் இவ்விரு சாராரும் அன்றோ?

வாணிகத்திலும் தமிழர் பின்தங்கி நிற்கவில்லை. தம்புசாமிப் பிள்ளை, லோக் இயூவுடன் கூட்டுச்சேர்ந்து ரவாங்கில் ஈயச்சுரங்கம் நடத்தினார். 1894இல் அச்சுரங்கப் பணிக்கு மின்னாக்கி நிறுவப்பட்டது. இந்நாட்டில் மின்சாரம் தொழிலுக்குப் பயன்பட்ட முதல் நிகழ்ச்சியாக அது குறிக்கப்படுகின்றது. மண்ணில் கிடப்பதை அள்ளினால் போதுமென்று அவ்விருவரும் எண்ணியிருப்பின், புதிய கருவியை நாடியிருக்கமாட்டார்கள்.

இனி, புலம்புவோர் பெரிதும் எடுத்துக்காட்டும் 1985ஆம் ஆண்டிற்கு வருவோர் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1970களின் இறுதியில் உலக ஈயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்தே சென்றது. 1985 அக்டோபர் 24ஆம் நாள், விலையைத் தாங்கி நின்ற அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கைவிரித்தது. இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வாணிகம் நிறுத்தப்பட்டது. விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரவர் வேலை இழந்தனர். அன்று மண்ணுக்கடியில் ஈயம் அடியோடு தீர்ந்துவிடவில்லை. வீழ்ந்தது விலை. அவ்விலையை எழுதிய கை ஈப்போவிலும் இல்லை, கம்பாரிலும் இல்லை; கடல் கடந்து இருந்தது.

அதே ஈயத்தை மற்றொரு வழியில் கையாண்டவர் கதையைக் காண்க. 1885இல் யோங் கூன் என்னும் சீன இளைஞர் கோலாலம்பூருக்கு வந்து, ஈயத்தை உருக்கித் தட்டி, வழிபாட்டிற்குரிய ஊதுவத்திக் கிண்ணங்களும் விளக்குத் தண்டுகளும் செய்து விற்றார். அச்சிறு பட்டறையே இன்று ராயல் சிலாங்கூர் என்னும் பெயருடன் உலகறிந்து விளங்குகின்றது. அங்குச் செய்யப்படும் பியூட்டர் பொருள்களில் 100க்கு 90 பங்குக்கு மேல் ஈயமே. எஞ்சியது சிறிதளவு செம்பும் ஆண்டிமணியுமாம். சுரங்கங்களை மூடவைத்த விலைச்சரிவு இப்பட்டறையை மூடவில்லை. ஈயக்கட்டியின் விலையை வாங்குவோன் எழுதுகின்றான். ஈயக்கிண்ணத்தின் விலையைச் செய்வோன் எழுதுகின்றான். மண்வளத்திற்கும் கைவளத்திற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

இக்கைவளம் தமிழர்க்குப் புதிதா? அன்று. தமிழ்நாட்டு அடுக்களையில் இரசம் வைக்கும் ஈயச்சொம்பு, கலப்பில்லா வெள்ளீயத்தால் ஆகியது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். ஆதலின் வெறுஞ்சொம்பை அடுப்பில் ஏற்றலாகாது என்பதைத் தாயர் மகளிர்க்குக் கற்பித்தனர். அடுப்பு வெம்மையில் உருகும் உலோகத்தில் சமையற் கலம் செய்த கம்மியனின் துணிவும், அதனைப் பழுதின்றிக் கையாண்ட பெண்டிரின் அறிவும் எளியன அல்ல. புளிப்புப் பட்டால் பித்தளைக் கலம் களிம்பேறும் என்றறிந்து, அதன் உட்புறத்திற்கு ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வந்தனர். அது வேதியியல் அன்றி வேறென்ன? ஈயத்தின் குறியீட்டையும் உருகுநிலையையும் மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு, பாட்டியின் சொம்பே அப்பாடத்தின் ஆய்வுக்கூடம் என்று எடுத்துரைப்போர் எத்துணைப் பேர்?

இங்கு இருவகை மறுப்புகள் எழும். “பழைய சுரங்க நகரங்களைச் சுற்றுலா காக்கின்றதே; சுவர்களில் ஓவியம் வரைந்தும் பழங்கடைகளுக்கு வண்ணம் பூசியும் ஈப்போ புத்துயிர் பெறவில்லையா?” என்பர் சிலர். அது நல்லதே. 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த தஞ்சோங் துவாலாங் தூர்வாரிக் கப்பலைக் காட்சிப்பொருளாகப் பேணுவதும் போற்றத்தக்கதே. ஆயினும் பேணுதல் வேறு, வாழ்தல் வேறு. எங்கோ ஓர் ஆலையில் அச்சிட்ட பொம்மையின்மீது ஊர்ப்பெயரை ஒட்டி விற்பது கைத்தொழில் ஆகாது. வருவோர் கண்டு மகிழ ஓர் ஊர் வேடமிட்டு நின்றால், வருவோர் குறைந்த அன்று அவ்வூர் மீண்டும் சுரங்கம் மூடிய நாளையே காணும். ஈயவிலைக்கு அடிமைப்பட்டது மாறி, சுற்றுலா வருவோர்க்கு அடிமைப்படுவது மறுபிறவி ஆகுமா?

“தாழ்ந்த தொழில் எதற்கு? பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வளரட்டும்” என்பது மற்றொரு மறுப்பு. இதுவே கொடியது, ஏனெனில் இது பெற்றோர் வாயிலிருந்தும், சில வேளைகளில் ஆசிரியர் வாயிலிருந்தும் வருகின்றது. மருத்துவர் வேண்டாவென்று அறிவுடையோர் எவரும் கூறார். ஆனால் வகுப்பிலுள்ள அனைவரும் மருத்துவராதல் இயலாது. எஞ்சியோர் கையில் ஒன்றும் கொடாமல் அனுப்புவது கல்வி ஆகாது. தேர்வு நெருங்கியவுடன் முதலில் பறிக்கப்படுவது கைவினைப் பாடவேளையன்றோ? தச்சனையும் பொற்கொல்லனையும் மின்பணியாளனையும் ‘படிப்பு ஏறாதவன்’ என்று எள்ளும் சமுதாயம், தன் கூரையைத் தானே பிரித்தெறிகின்றது.

இதன் விளைவைத் தமிழர் ஒருமுறை பட்டறிந்துவிட்டனர். ஈயத்திற்கு நேர்ந்தது போன்றதே ரப்பருக்கும் நேர்ந்தது. பட்டை கீறிப் பாலெடுத்த தமிழர் கைகள் திறமற்ற கைகள் அல்ல. மரத்தைக் காயப்படுத்தாமல் கத்தி செலுத்துவது நுண்மையான தொழில். ஆனால் அத்திறத்திற்கும் விலை எழுதியவர் வேறெங்கோ இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு நிலம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் சென்றபோதும், பல்லாயிரம் குடும்பங்கள் நகரங்களின் ஓரங்களுக்கு வந்துசேர்ந்தன. நகரம் விலை கொடுத்து வாங்கும் தொழில் ஒன்றையும் அக்குடும்பங்களுக்கு எவரும் முன்கூட்டிக் கற்பிக்கவில்லை. அவர்தம் வறுமைக்கு ஊழைக் காரணம் காட்டுவது எளிது. ஆயத்தமின்மையே காரணம் என்று ஒப்புவதுதான் அரிது.

கைத்தொழில் ஒன்றே எல்லாக் குறைகளையும் போக்கிவிடும் என்பதன்று இங்குக் கூறப்படுவது. 1985இல் வேலை இழந்த சுரங்கத்தார் அனைவரையும் பியூட்டர் பட்டறை ஏற்றிருக்க இயலாது. ஆயினும் ஒற்றை விளைபொருளை நம்பிய ஊர் ஒரே அடியில் வீழும். பல தொழில் அறிந்த ஊர் அடிபட்டாலும் எழும். தைப்பிங்கில் ஈயம் தோண்டிய குழிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏரிப் பூங்காவாயின. கம்பாரின் பழைய ஈயநிலத்தில் 2007இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. குழியைக் குளமாகவும் கூடமாகவும் மாற்றியவை மனிதரின் திட்டமும் உழைப்புமே.

ஆதலின் தமிழ்ப்பள்ளிகள் செய்யத்தக்கன சில உண்டு. கைவினைப் பாடவேளையைத் தேர்வுப் பயிற்சிக்குப் பலியிடாதிருத்தல் வேண்டும். அருகிலுள்ள பொற்கொல்லரையும் தச்சரையும் பூக்கட்டுவோரையும் பள்ளிக்கு அழைத்து, அவர்கள் தொழிலை மாணவர் காணச் செய்தல் வேண்டும். கணக்குப் பாடத்தில் அடக்கவிலையும் விற்பனை விலையும் வெறும் எண்களாக நில்லாமல், மாணவர் தாமே செய்த ஒரு பொருளின் கணக்காக அமைதல் வேண்டும். தொழிற்கல்லூரிக்குச் செல்லும் மாணவனைப் பல்கலைக்கழகம் செல்பவனோடு ஒரே மேடையில் நிறுத்திப் பாராட்டுதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. மனமாற்றமே தேவை.

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது பழமொழி. குன்றுகளையே கரைத்து ஈயமெடுத்த நாட்டில் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இனி ‘ஈயம் தீர்ந்தது, ஊர் வீழ்ந்தது’ என்று ஒரு மாணவன் கட்டுரையில் எழுதுவானாயின், ஆசிரியர் அவ்வரியை அடித்துவிட்டு, ‘அங்கு இருந்தோர்க்கு வேறென்ன தொழில் தெரிந்திருந்தது?’ என்று ஓரத்தில் எழுதட்டும்.