கொல்லனைக் கொன்றது டிராக்டர் மட்டும்தானா?

அயர்லாந்து கிராமங்களில் கொல்லுப்பட்டறைகள் ஏன் அழிந்தன என்று கேட்டால், எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கிறது. டிராக்டர் வந்தது, குதிரை போனது, லாடம் அடிப்பவருக்கு வேலை போனது. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு அழகான பெயரே உண்டு: 1942ல் ஷும்பீட்டர் பிரபலப்படுத்திய 'ஆக்கபூர்வ அழிவு'. பெயர் வைத்தாயிற்று, கணக்கு முடிந்தது!

முடியவில்லை. கொல்லர் லாடம் மட்டுமா அடித்தார்?

1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகளைக் கொண்டு ஊர்ச் சேதிகளை எழுதி வாங்கியது. கொடுத்த தலைப்புகளில் ஒன்று உள்ளூர்க் கொல்லுப்பட்டறை. அந்த நோட்டுகள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கலப்பை, மண்வெட்டி, இரும்புக் கேட் எல்லாம் அங்கே செய்ததுதான். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்கியதும் அங்கேதான். அந்தப் பட்டறைத் தண்ணீரில் கை நனைத்தால் மரு உதிரும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

இந்தத் தண்ணீர்க் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு "அடடா, அந்தக் காலம்!" என்று உருகுகிற கூட்டம் இன்னொரு பக்கம். துருத்தியைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் கடமை முடிந்தது அவர்களுக்கு.

இரண்டு கூட்டமும் தவறவிடுவது ஒன்றுதான். நடந்து போகும் தூரத்தில், உடைந்ததைச் சரிசெய்ய ஓர் ஆள் இருந்தார். அந்தப் பங்குக் கோயில் வட்டாரத்து விவசாயிக்கு அது பெரிய பலம்.

டிராக்டரே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது முதுகொடிக்கும் உழைப்பைக் குறைத்தது. கவுண்டி டவுனில் பிறந்த ஹாரி ஃபெர்குசனின் டிஇ20 டிராக்டர் 1946ல் வந்தது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் கழற்றி மாட்டக்கூடிய எளிய இயந்திரம் அது. லாடம் போனாலும் ரிப்பேர் ஊருக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

இன்றைய டிராக்டரிலோ சாஃப்ட்வேர். சில பழுதுகளுக்கு கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்தால்தான் உண்டு. 2024ல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று சட்டம் போட்டது. வாஷிங் மெஷின் இருக்கிறது, செல்போன் இருக்கிறது, அந்தப் பட்டியலில் டிராக்டர் இல்லை! அறுவடை நேரத்தில் வண்டி நின்றால் நஷ்டம் யாருக்கு?

'ஆக்கபூர்வ அழிவு' என்று எழுதுகிறவர்கள் பற்று வரவு இரண்டு பக்கமும் எழுதட்டும். ஆக்கம் யார் கணக்கில், அழிவு யார் கணக்கில் என்று அப்போது தெரியும்.