இலக்கத் தகட்டில் எழுத்து போனது. மாகாணத்துக்கு என்ன மிஞ்சியது?

டில்லியில் பணிபுரிந்த என் நண்பர் ஒருவர் அண்மையில் சென்னைக்கு மாற்றலாகிச் சென்றார். வீட்டுச் சாமான்களை ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டார். காரின் பதிவை மாற்றத்தான் மாதக்கணக்காக அலைந்தார். அவர் சொன்ன கணக்கைக் கேட்டபோது எனக்கு நமது மாகாண சபைகளின் நிலைதான் நினைவுக்கு வந்தது.

இந்திய அரசியலமைப்பில் வாகன வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வீதத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானிக்கிறது. 12 இலட்சம் ரூபாய் பெறுமதியான புதிய பெற்றோல் காருக்கு டில்லியில் 10 சதவீதம், அதாவது 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வீதப்படி 18 சதவீதம், அதாவது 2 இலட்சத்து 16 ஆயிரம் ரூபாய். கார்களுக்கு இது பெரும்பாலும் ஆயுள் வரியாக முன்கூட்டியே அறவிடப்படுகிறது. 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வாகனத்தை வைத்திருந்தால் அங்கு மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். பழைய மாநிலத்தில் ஆட்சேபனையின்மைச் சான்று பெற்று, புதிய மாநிலத்தில் வரி செலுத்தி, பிறகு பழைய மாநிலத்திடம் மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி, வரி குறைந்த புதுச்சேரியின் முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் கேரளத்தில் பெரிதாக வெடித்தது.

இந்தச் சிரமத்தைக் குறைக்க மத்திய அரசு 2021 செப்டெம்பரில் 'பாரத்' தொடர் இலக்கத்தைக் கொண்டுவந்தது. அரச ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் இதைப் பெறலாம். வரியை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டினால் போதும். மக்களுக்கு வசதிதான். ஆனால் வீதத்தைத் தீர்மானிப்பது இப்போது மத்தி. சில மாநிலங்கள் இதற்குத் தயங்கியதில் வியப்பில்லை.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு முதல் நமது இலக்கத் தகடுகளில் மாகாணத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் இருந்தன. மேல் மாகாண வாகனத்தை வடக்கில் ஒருவர் வாங்கினால் தகட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. 2023 ஜனவரி முதல் அந்த எழுத்துகள் நீக்கப்பட்டன. வீண் செலவும் அலைச்சலும் குறைந்தன. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை.

என் கேள்வி பணத்தைப் பற்றியது. வாகனம் இறக்குமதியாகும்போது விதிக்கப்படும் சுங்கத் தீர்வை, உற்பத்தித் தீர்வை, பெறுமதி சேர் வரி எல்லாமே மத்திய அரசின் திறைசேரிக்குத்தான். 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபோது, அரசாங்கம் பெரிதும் எதிர்பார்த்ததும் இந்த வருமானத்தையே. மாகாணத்துக்கு நேரடியாகக் கிடைப்பது நாம் ஆண்டுதோறும் காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காட்டிப் பெறும் வருமான அனுமதிப்பத்திரத்தின் கட்டணம். 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்குக் கொடுத்த மிகச் சில வருமான வழிகளில் இதுவும் ஒன்று.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொழும்பு முகவரியில் பதிவான பார ஊர்தி வருடம் முழுவதும் வடக்கில் ஓடலாம். ஏ, பி தர வீதிகளை மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபை பார்த்துக்கொள்கிறது. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. பள்ளம் விழுவது இங்கே, கட்டணம் போவது அங்கே. தகட்டில் எழுத்து இருந்தபோது இந்த ஏற்றத்தாழ்வு வீதியில் கண்ணுக்காவது தெரிந்தது.

இதைப் பேச வேண்டிய இடம் மாகாண சபை. வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013இல். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு ஆளுநரின் கீழ்தான் நிர்வாகம். கட்டணத்தை நியதிச் சட்டத்தால் தீர்மானிக்கவும், பங்கீட்டைக் கேட்கவும் மக்கள் தெரிவு செய்த ஒருவர்கூட அங்கு இல்லை.

இந்திய மாநிலங்களின் வரிக் குழப்பம் நமக்கு வேண்டாம். ஆனால் அங்கே மத்தி கைவைத்தால் தயங்கவும் மறுக்கவும் ஒரு மாநில அரசு இருக்கிறது. இங்கே வாகனம் உண்மையில் எங்கு ஓடுகிறதோ அந்த மாகாணத்துக்குக் கட்டணம் சேரும்படி ஒரு பங்கீட்டு முறையை வகுப்பது கடினமல்ல. உரிமையாளரின் முகவரி மாறும்போது கட்டணமும் மாறும்படி கணினிப் பதிவில் செய்துவிடலாம். அதைக் கேட்பதற்கு முதலில் சபை வேண்டும். மாகாண சபைத் தேர்தலைப் பற்றிப் பேசும்போது நமது கட்சிகள் காணி, பொலிஸ் அதிகாரங்களோடு இந்தச் சில்லறைக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.