உலகம் சூடானா ஒயின் சூப்பரா வருமாம்ல!

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன சனிக்கிழமை ஒருத்தன் கிளப்பி விட்டுட்டான். பொங்கியாச்சு. படிக்கிறது உங்க தலையெழுத்து :)

நான் இப்போ பொட்டி தட்டுறது பிரான்ஸ்ல, டுலூஸ் நகரத்துல. சனிக்கிழமை நண்பன் ஒருத்தனோட சூப்பர் மார்க்கெட் போயிருந்தேன். அவன் கையில ஃபோன், ஃபோன்ல ஒரு அட்டவணை. எந்த வருஷத்து போர்தோ ஒயினுக்கு எத்தனை மார்க்குன்னு போட்டிருக்கும். நான் ஒரு பாட்டிலை எடுத்தேன். "2021ஆ? வை மச்சி, அது அட்டு வருஷம். 2022 எடு"ன்னான். சரி, அவன் காசு, அவன் இஷ்டம். அதோட விட்டிருக்கலாம். "உலகம் சூடாகுது சூடாகுதுன்னு அழறீங்களே, ஒயினைப் பாரு, நல்லாத்தானே வருது? வெயில் கூடினா தரம் கூடும்னு ஒரு புரொபசர் ஃபார்முலாவே போட்டிருக்காருடா. நீயும் இன்ஜினியர்தானே?"ன்னு கேட்டான் பாருங்க, அங்கதான் சுர்ருன்னு ஏறிடுச்சு.

இன்ஜினியர்தான் ராசா. அதனாலதான் எழுதுறேன்.

முதல்ல அந்த ஃபார்முலா. இது கட்டுக்கதை இல்ல, நிஜம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் போட்டது. 1952ல இருந்து 1980 வரைக்குமான போர்தோ சிவப்பு ஒயின்களோட ஏல விலையை எடுத்துக்கிட்டார். பக்கத்துல ஒயினோட வயசையும் மூணு வானிலை எண்ணையும் வச்சார். அறுவடைக்கு முந்தின குளிர்காலத்துல (அக்டோபர் - மார்ச்) பெய்த மழை, ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்குமான சராசரி வெப்பநிலை, ஆகஸ்ட் - செப்டம்பர்ல பெய்த மழை. அவ்வளவுதான். நாக்கும் கிடையாது, மூக்கும் கிடையாது. இந்த நாலை மட்டும் வச்சே விலை ஏற்ற இறக்கத்துல சுமார் 83 சதவீதத்தை விளக்கிட்டார். 1990ல நியூயார்க் டைம்ஸ்ல இது செய்தியா வந்தப்போ, ருசி பார்த்து மார்க் போடுற பெரிய தலைகள் எல்லாம் கொதிச்சுப் போயிட்டாங்க.

இந்த விஷயத்துல நான் புரொபசர் கட்சி. ஏன்னா செடியோட கதைக்கு அது சரியாப் பொருந்துது. குளிர்காலத்துல கொடி இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்குது. அப்போ பெய்யுற மழை மண்ணுக்குள்ள சேமிப்புக் கணக்கு. ஏப்ரல் வாக்குல துளிர் விடும், ஜூன் வாக்குல பூக்கும். பூக்கும்போது குளிரும் மழையுமா இருந்தா பூ உதிர்ந்து கொத்து பொக்கையா நிக்கும். பூத்ததுல இருந்து பறிக்க சுமார் நூறு நாள். அந்த நூறு நாள்ல வெயில் வேணும், தண்ணி கொஞ்சம் பத்தாம இருக்கணும். அப்பத்தான் பழம் சின்னதா, தோல் தடிமனா வரும். சிவப்பு ஒயினோட நிறமும் துவர்ப்பும் தோல்ல இருந்துதானே வருது? கடைசி நேரத்துல மழை அடிச்சா பழம் தண்ணியைக் குடிச்சு வீங்கும், சாறு நீர்த்துப் போகும், சாம்பல் பூஞ்சை பிடிச்சு அழுகும். ஃபார்முலாவும் அதைத்தான் சொல்லுது. ஆகஸ்ட் - செப்டம்பர்ல 100 மி.மீ. மழை கூடுதலா பெய்தா விலை மூணுல ஒரு பங்கு அளவுக்கு விழும். அதே 100 மி.மீ. குளிர்காலத்துல பெய்தா 12 சதவீதம் ஏறும். எப்போ பெய்யுதுங்கறதுதான் மேட்டர்.

(நம்ம கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சை வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல அறுவடை ஆகுது. அங்க கொடி குளிருக்குத் தூங்குறதில்ல, கவாத்து பண்ணித்தான் எழுப்புறாங்க. அதனால "இந்த வருஷத்துச் சரக்கு"ங்கற பேச்சுக்கே அங்க இடமில்ல.)

இவ்வளவு ஒத்துக்கிட்டேன். இப்போ நண்பனோட வாதத்துக்கு வருவோம். மூணு ஓட்டை இருக்கு.

ஓட்டை 1: 1952 - 1980 தரவுல சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரியில இருந்து 17.7 டிகிரி வரைக்கும்தான். அந்தக் காலத்துல போர்தோவுக்குப் பிரச்சனையே குளிர்தான். பழம் பழுக்கவே பழுக்காது. 1963, 1965, 1968 எல்லாம் அப்படி ஊத்திக்கிட்ட வருஷங்கள். வெயில் கூடினா நல்லதுன்னு அந்தத் தரவு சொல்றது நியாயம். ஆனா அந்தக் கோட்டை மேல இழுத்துக்கிட்டே போனா? ஃபார்முலாப்படி ஒரு டிகிரி கூடினா விலை சுமார் 85 சதவீதம் ஏறும். அஞ்சு டிகிரி கூடினா 22 மடங்கு. அப்போ எல்லாருமா சஹாராவுல போய் கொடி நடலாமே? நிஜத்துல 35 டிகிரியைத் தாண்டினா கொடி இலைத்துளையை மூடிட்டு வேலைநிறுத்தம் பண்ணிடும். பழம் வத்தி சர்க்கரை எகிறும், புளிப்பு போயிடும், விதையும் தோலும் பக்குவப்படாம பின்தங்கும். ஒயின்ல ஆல்கஹால் ஏறும், உயிர் இருக்காது. பயிற்சித் தரவுக்கு வெளியில மாடலை ஓட்டாதேன்னு காலேஜ்ல சொல்லிக் கொடுத்தாங்களே, அன்னிக்கு கட் அடிச்சியா மச்சி?

ஓட்டை 2: அந்தப் பட்டியல்ல 1954ம் 1956ம் இல்ல. ஏன்னா அந்த வருஷத்து ஒயின் ஏலத்துக்கே அபூர்வமாத்தான் வரும். 1956 என்ன வருஷம் தெரியுமா? பிப்ரவரி உறைபனியில கொடிகளே செத்துப் போன வருஷம். துளிர் இல்ல, கொடி! பொமரோல், செயின்ட் எமிலியன் பக்கமெல்லாம் பிடுங்கிட்டு மறுபடியும் நட்டாங்க. வானிலை செய்த மிகப் பெரிய நாசம் தரவுல இல்லவே இல்ல. உயிரோட திரும்பி வந்த விமானத்துல மட்டும் குண்டு ஓட்டையை எண்ணின கதைதான். அந்த ஃபார்முலா சொல்றது பெரிய பெரிய ஷாத்தோக்களோட, பிழைச்ச பாட்டில்களோட விலையை. எத்தனை பாட்டில் வரவே இல்லைன்னு அதுக்குத் தெரியாது.

ஓட்டை 3: இதுதான் எனக்கு வயிறு எரியுறது. அதுல உறைபனி கிடையாது, ஆலங்கட்டி கிடையாது. உலகம் சூடானா உறைபனி குறையுமேன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். 2021 மார்ச் கடைசியில பிரான்ஸ்ல கோடை மாதிரி வெயில். ஏமாந்து போன கொடி சீக்கிரமே துளிர் விட்டுடுச்சு. ஏப்ரல் 6, 7, 8 ராத்திரிகள்ல உறைபனி. துளிர் எல்லாம் கருகிடுச்சு. பருவநிலை மாற்றத்தால, துளிர் விட்டப்புறம் இப்படிப் பனி தாக்குற வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடியிருக்குன்னு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டாங்க. குளிர் குறையுது. ஆனா துளிர் அதை விட வேகமா முந்திக்குது. அந்த வருஷம் பிரான்ஸோட மொத்த ஒயின் உற்பத்தி 4 கோடி ஹெக்டோலிட்டருக்குக் கீழே போச்சு.

அட்டு வருஷமாம்ல, அட்டு வருஷம்!

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போர்தோ பக்கம் 'ரெண்டு கடலுக்கு நடுவுல'ன்னு அர்த்தம் வர்ற ஒரு பகுதிக்கு ஊர் சுத்தப் போனேன். கடல் எல்லாம் இல்ல, ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்குற ஏரியா. அங்க ஒரு சின்னத் தோட்டத்துப் பெரியவர் என் அரைகுறை பிரெஞ்சைப் பொறுத்துக்கிட்டுப் பேசினார். 2021ல மூணு ராத்திரி அவரும் மகனும் வரிசைக்கு வரிசை மெழுகு டின்னைக் கொளுத்தி வச்சுட்டு முழிச்சிருந்திருக்காங்க. டின் பாதித் தோட்டத்துக்குத்தான் பத்துச்சு. "எந்தப் பாதியைக் காப்பாத்தறதுன்னு ஏழு மணிக்கே முடிவு பண்ணியாச்சு. விடியுற வரைக்கும் இன்னொரு பாதியைப் பார்க்காம இருக்கறதுதான் கஷ்டம்"னார். காப்பாத்தின பாதியில எடுத்த ஒயினைத்தான் ஊத்திக் கொடுத்தார். லேசா, புளிப்பா, சுறுசுறுப்பா இருந்துச்சு. எனக்குப் பிடிச்சுது. மார்க் பார்த்துட்டு யாரும் வாங்க மாட்டேங்கறாங்கன்னு சிரிச்சார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டம் மொட்டையா கிடந்துச்சு. விக்கல, அரசாங்க உதவிப் பணத்தை வாங்கிட்டுப் பிடுங்கிட்டாங்களாம். போர்தோல 2023ல கொடி பிடுங்க ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுத்தாங்க.

இப்போ நீங்க கேக்கலாம், "அதான் 2022 அவ்ளோ சூடா இருந்தும் நல்லா வந்துச்சே?" நியாயமான கேள்வி. வந்துச்சு. ஆனா வெயில் கொண்டு வரல, மனுஷன் கொண்டு வந்தான். 2003 வெப்ப அலையில அடி வாங்கிக் கத்துக்கிட்டாங்க. நிழலுக்கு இலையைக் கிள்ளாம விட்டாங்க, மண்ணை மூடி வச்சாங்க, சீக்கிரமே பறிச்சாங்க. அப்படியும் விளைச்சல் கம்மிதான். இந்த வித்தை எத்தனை டிகிரி வரைக்கும் எடுபடும்? அவங்களே நம்பல. 2021ல போர்தோக்காரங்க ஆறு புது ரகத்தை அனுமதிச்சாங்க. அதுல ஒண்ணு போர்த்துகல்ல வெயில்ல வளர்ற டூரிகா நசியோனல். தன்னோட திராட்சையைப் பத்தி அவ்வளவு கர்வம் பிடிச்ச ஊர் இப்படி இறங்கி வருதுன்னா எவ்வளவு பயந்திருக்கணும்!

2003ன்னதும் ஞாபகம் வருது. அந்த வருஷத்து ஒயினுக்கு விமர்சகர்கள் சட்டையைப் பிடிக்காத குறையா சண்டை போட்டாங்க. ஷாத்தோ பவி 2003ஐ ராபர்ட் பார்க்கர் தலையில தூக்கி வச்சு ஆடினார், ஜான்சிஸ் ராபின்சன் 20க்கு 12 போட்டாங்க. சுவாரசியமான சண்டைதான். ஆனா அதே ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல அந்த வெயில்ல செத்தவங்க சுமார் 15,000 பேர், பெரும்பாலும் வயசானவங்க. வருஷத்துக்கு மார்க் போடுற அட்டவணையில அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?

பர்கண்டியில போன்னு ஒரு ஊர். அங்க திராட்சை பறிக்க ஆரம்பிச்ச தேதி 1354ல இருந்து எழுத்துல இருக்கு. வெப்பமானி கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே! 1987 வரைக்கும் இருந்த சராசரியை விட, 1988க்கு அப்புறம் 13 நாள் முன்னாடியே பறிக்கிறாங்க. அறுநூறு வருஷத்துக் கணக்குப் புத்தகம் அலறுது. நம்மாளு அதைப் பார்த்துட்டு "சூப்பர் மச்சி, இன்னும் நல்லா பழுக்கும்"ங்கறான்.

வருஷம் பார்த்து வாங்காதீங்கன்னு நான் சொல்லல. வானிலைதான் ஒயினோட பாதி. சொல்லப்போனா அதனாலதான் லேபிள்ல வருஷமே போடறாங்க. ஆனா அந்த எண்ணை மார்க்கா படிக்காதீங்க. அந்த வருஷம் அந்த மண்ணுல என்ன நடந்துச்சுங்கற பதிவா படிங்க. கெட்ட வருஷத்துல நல்லா பண்ணினவன்தான் உண்மையான வேலைக்காரன். நம்ம தொழில்லயும் சர்வர் ஒழுங்கா ஓடுற அன்னிக்கு எல்லாரும் ஹீரோ, ராத்திரி ரெண்டு மணிக்கு விழும்போதுதானே யார் யாருன்னு தெரியுது?

கடைசியில என்ன வாங்கினேன்னு கேக்கறீங்களா? அந்த 2021தான். நண்பன் ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டு "பரவால்லடா"ன்னான். மார்க் எத்தனைன்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல.